பாதிக் காற்றில் ஒரு மிதிவண்டிப் பயணம்

மாணவர்களே, இரவு மழை பெய்து ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் காலையில் பாடாங் செராயிலிருந்து வடமேற்குப் பக்கம் பாருங்கள். செம்பனை வரிசைகளுக்கு அப்பால் நீலமாக ஒரு மலை எழுந்து நிற்கும். அதுதான் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். சுற்றிலும் சமவெளி என்பதால் பார்வைக்கு இன்னும் பெரிதாகத் தோன்றும். அந்தக் காலத்தில் கடாரத்தை நோக்கி வந்த கப்பல்காரர்களுக்கு அதுவே கரை அடையாளம். இப்போது அதன் தார்ச்சாலையில் மிதிவண்டிக்காரர்கள் மூச்சிரைக்க ஏறுகிறார்கள்.

அந்த ஜெராயை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கிவைத்து, மேலே இன்னும் அரை ஜெராய்க்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் தங்லாங் லாவின் உயரம் வரும்: 5,328 மீட்டர். 'லா' என்றால் நம் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும் 'லா' இல்லை. திபெத்திய மொழியில் அதற்குக் கணவாய் என்று பொருள். இந்தியாவின் வடக்கே மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் சாலை தங்லாங் லாவைத் தாண்டித்தான் போகிறது. ரோத்தாங் வழியாகப் போகும் பழைய சாலையில் தூரம் ஏறத்தாழ 475 கிலோமீட்டர். ரோத்தாங், பாராலாச்சா, நக்கீ, லாச்சுங், தங்லாங் என்று ஐந்து கணவாய்களை ஏறி இறங்க வேண்டும்.

கோடையில் பனி விலகி அந்தச் சாலை திறந்ததும் இருவர் இருவராக மிதிவண்டியில் கிளம்பிவிடுவார்கள். பலருக்குப் பின்னால் உதவி வேன் எதுவும் வராது. கூடாரம், அடுப்பு, அரிசி, பஞ்சர் ஒட்டும் பசை வரை தாங்களே சுமக்கிறார்கள். எட்டு நாள், பத்து நாள் ஆகும். இப்படிப் போய்வர வேண்டும் என்று உங்களில் யாருக்காவது ஆசை இருக்கலாம். எனக்கும் அந்த வயதில் இருந்தது. ஆனால் அந்தப் பயணத்தில் உங்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் கால் வலி இல்லை, காற்று.

சுமைக் கணக்கு

முதலில் காலுக்கு எவ்வளவு வேலை என்று பார்ப்போம். நீங்கள் 60 கிலோ, மிதிவண்டி 15 கிலோ, மூட்டை முடிச்சு 25 கிலோ. ஆக 100 கிலோ. அதை ஜெராயின் அடியிலிருந்து உச்சிக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 100 × 9.8 × 1,217. ஏறத்தாழ 12 இலட்சம் ஜூல், அதாவது 285 கிலோகலோரி. 'இவ்வளவுதானா, ஒரு ரொட்டி சானாய்க்குக்கூட ஆகாதே' என்று தோன்றும். பொறுங்கள். நாம் தின்பதில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் தசை வேலையாக மாற்றுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே உண்மையில் நான்கு ரொட்டி சானாய் வேண்டும். சாலையின் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

சுமையை எங்கே கட்டுவது என்பதை நம் தோட்டத்து ஆட்களிடமே கேட்கலாம். பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டிகள் பால் வாளிகளைச் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும், கூடியவரை தாழ்வாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவார்கள். பாரம் தாழ்வாக இருந்தால் ஈர்ப்பு மையமும் தாழும், வண்டி ஆடாது. மலைப் பயணிகள் மாட்டும் பக்கப் பைகளும் அதே ஏற்பாடுதான்.

ஆனால் தோட்டத்துச் சைக்கிளுக்கு ஒரே கியர். அது மலைக்கு ஆகாது. அதில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஐந்து மீட்டர் ஓடும். ஏற்றத்துக்கு முன்னால் 26 பல், பின்னால் 34 பல் உள்ள சக்கரங்கள் வேண்டும். அப்போது ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர்தான் நகரும், ஆனால் காலுக்கு இலேசாக இருக்கும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 9 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 150 வாட் திறன் வேண்டும். பழகிய இளைஞர் ஒருவர் இதை இங்கே ஒரு மணி நேரம் தாங்குவார். அதே இளைஞரை 5,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டால் அவருடைய திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 100 வாட், மணிக்கு 6 கிலோமீட்டர். நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஏன் குறைகிறது?

விழுக்காடு மாறவில்லை, அழுத்தம் மாறியது

உயரமான இடத்தில் காற்றில் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், 'குறைவான விழுக்காடு' இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாடாங் செராயிலும் 21 விழுக்காடுதான், தங்லாங் லாவிலும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். மேலே அமுக்க ஆள் குறைந்ததால் காற்று தளர்ந்து பரந்து நிற்கிறது. ஜெராய் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 87 விழுக்காடு. லே நகரம் இருக்கும் 3,500 மீட்டரில் 65 விழுக்காடு. தங்லாங் லாவில் ஏறத்தாழ பாதி. கடையில் வாங்கி மூடியபடியே கொண்டுபோன முறுக்குப் பொட்டலம் அங்கே தலையணைபோல் உப்பி நிற்கும்.

இன்னொரு சிறு திருட்டும் நடக்கிறது. நுரையீரலுக்குள் போகும் காற்று முதலில் ஈரமாகும். உடல் வெப்பத்தில் அந்த நீராவியின் அழுத்தம் எப்போதும் 47 மில்லிமீட்டர் பாதரசம். இங்கே 760இல் 47 போவது பெரிதில்லை. அங்கே 400இல் 47 போனால்? கழித்துவிட்டு 21 விழுக்காடு கணக்கிட்டுப் பாருங்கள். இங்கே 150, அங்கே 74 வரும்.

உடல் சும்மா இருப்பதில்லை. முதலில் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு விட்டால் உயிர்வளி கூடுதலாக வரும், கூடவே கரிவளி அதிகமாக வெளியேறிவிடும். கரிவளி குறைந்தால் இரத்தத்தின் காரத்தன்மை கூடும். அது மூளைக்குப் பிடிக்காது. 'போதும், மூச்சைக் குறை' என்று கட்டளை போடும். பகலில் இந்த இழுபறி வெளியே தெரியாது. இரவில் தெரியும். கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் நண்பரின் மூச்சு திடீரென நின்றுவிடும். ஐந்து விநாடி, பத்து விநாடி. நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். பிறகு அவர் ஒரு பெருமூச்சு இழுத்து, நான்கைந்து முறை வேகமாகச் சுவாசிப்பார், மறுபடி நிறுத்துவார். முதல் முறை பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். ஆனால் உயரத்தில் தூங்குபவர்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான், இது மட்டும் இருந்தால் நோய் இல்லை.

இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது காரத்தைச் சிறுநீரில் கழித்துச் சமநிலையைக் கொண்டுவரும். அதனால்தான் மேலே போனதும் அடிக்கடி சிறுநீர் வருகிறது. இதற்குச் சில நாள் பிடிக்கும். கூடுதல் சிவப்பணுக்களை உண்டாக்குவதோ வாரக் கணக்கு. இந்தச் சில நாள்களைத் தராமல் அவசரப்பட்டால் உடல் தடுமாறும். தலைவலி, குமட்டல், பசியின்மை, அளவுக்கு மீறிய சோர்வு. இதுதான் மலைநோய். அதையும் மீறி ஏறினால் இரண்டு ஆபத்துகள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அல்லது மூளை வீங்கும். இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை.

'நான் பள்ளி ஓட்டப் பந்தய வீரன், எனக்கு வராது' என்று சொல்லாதீர்கள். 1962ஆம் ஆண்டுப் போரின்போது சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் திடீரென இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி மேலே போய் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1969இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. நோயுற்றவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற போர்வீரர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் மிதிவண்டியின் மெதுவான போக்கு கைகொடுக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பேருந்தில் போகிறவர் இரண்டே நாளில் லே போய்ச் சேர்கிறார். நடுவில் சர்ச்சுவில், 4,300 மீட்டரில், தலையைப் பிடித்துக்கொண்டு ஓர் இரவு கழிக்கிறார். விமானத்தில் போகிறவர் ஒரு மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறங்கி நிற்கிறார். மிதிவண்டிக்காரரால் நினைத்தாலும் அவ்வளவு வேகமாக ஏற முடியாது.

முதல் கணவாயான ரோத்தாங் ஓர் ஒத்திகை என்றே சொல்லலாம். 3,978 மீட்டர் வரை ஏறி, அன்றே மறுபுறம் 3,100 மீட்டருக்கு இறங்கித் தூங்கலாம். உடலுக்கு உயரத்தைக் காட்டிவிட்டுக் கீழே ஓய்வு தருவது நல்ல பழக்கம். 2020இல் அந்தக் கணவாயின் அடியில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. லாரிகளுக்கு அது பெரிய வசதி. மிதிவண்டிக்காரர்கள் பழைய சாலையை விடக்கூடாது என்பது என் கருத்து.

நண்பர் எதற்கு?

பேச்சுத் துணைக்கு, பஞ்சர் ஒட்ட, கூடாரத்தின் மறுமுனையைப் பிடிக்க. எல்லாம் சரி. ஆனால் முக்கியக் காரணம் வேறு. உயிர்வளி குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது மூளை. தன்னிடம் கோளாறு இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதான். அதனால்தான் நோய் முற்றியவர்தான் 'எனக்கு ஒன்னும் இல்ல லா, வா போலாம்' என்று சொல்வார். அவரைப் பார்க்க வெளியே இன்னொரு கண் வேண்டும்.

அந்த இன்னொரு கண்ணும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறது என்று கேட்டால் நல்ல கேள்வி. 1875 ஏப்ரல் 15ஆம் தேதி பிரான்சில் ஸெனித் என்ற பலூனில் மூவர் ஏறினார்கள்: திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். உயிர்வளி நிரப்பிய பைகளும் அவர்களிடம் இருந்தன. 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். பைகளை எடுத்துச் சுவாசிக்க வேண்டிய நேரத்தில் கை அசையவில்லை. அதைவிடக் கொடுமை, பயமும் வரவில்லை. ஒருவித மகிழ்ச்சியாகவே இருந்தது என்று பின்னர் திசாந்தியே எழுதினார். அவர் ஒருவர்தான் உயிரோடு இறங்கினார், அதுவும் செவித்திறனை இழந்து. மூன்று நண்பர்கள் ஒன்றாகவே மயங்கினால் யார் யாரை எழுப்புவது?

ஆகவே நண்பர் மட்டும் போதாது, கீழே இருக்கும்போதே தெளிவான மூளையோடு இருவரும் எழுதிக்கொண்ட விதிகளும் வேண்டும். மேலே போனபின் விவாதம் கிடையாது, தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். காலையிலும் மாலையிலும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்: தலை வலிக்கிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா, தலை சுற்றுகிறதா? 'நல்லா இருக்கேன்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும், மிச்சம் வைத்திருக்கிறாரா என்று. பிறகு மண்ணில் ஒரு நேர்க்கோடு போட்டு, குதிகாலும் கால்விரலும் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்ல வேண்டும். தலைவலியோடு வேறோர் அறிகுறி இருந்தால் அன்று மேலே போய்த் தூங்கக்கூடாது. கோட்டில் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ உடனே இறங்க வேண்டும். நடு இரவானாலும் சரி. மலைநோய்க்கு மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அவை இறங்குவதற்கு ஈடும் ஆகாது.

'இறங்க வேண்டும்' என்று எழுதுவது எளிது. இந்தச் சாலையின் பொல்லாத்தனமே அதில்தான் இருக்கிறது. வரைபடத்தில் உயரங்களைத் தொடர்ந்து பாருங்கள். ஜிஸ்பா 3,200 மீட்டர். பட்சேயோ 3,800. ஜிங்ஜிங்பார் ஏறத்தாழ 4,270. பாராலாச்சா கணவாய் 4,890. அதைத் தாண்டினால் சர்ச்சு 4,300. அதன்பின் காட்டா வளைவுகள் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள், நக்கீ லா, 5,000 மீட்டருக்கு மேல் உள்ள லாச்சுங் லா. பிறகு 4,600 மீட்டரில் பாங். அப்புறம் மோரே சமவெளி, தங்லாங் லா. அதையும் கடந்தால்தான் சாலை ஒரேயடியாகக் கீழே இறங்குகிறது.

இப்போது நீங்கள் பாங்கில் இருக்கிறீர்கள், நண்பர் கோட்டில் தள்ளாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இறங்குவீர்கள்? முன்னால் 5,328 மீட்டர், பின்னால் 5,000க்கு மேல். இறங்குவதற்கு முன் ஏற வேண்டும்! அங்கே ஒரு ராணுவ முகாம் இருக்கிறது, லாரிகளும் வரும், அவற்றின் உதவியைத்தான் நாட வேண்டும். சர்ச்சுவிலும் இதே நிலைமைதான். திரும்பினால் 600 மீட்டர் ஏறி பாராலாச்சாவைத் தாண்ட வேண்டும்.

ஆனால் பட்சேயோவிலும் ஜிங்ஜிங்பாரிலும் அப்படி இல்லை. அங்கிருந்து மிதிக்காமலே உருண்டு தார்ச்சாவுக்கு இறங்கிவிடலாம். புவியீர்ப்பு உங்கள் பக்கம் நிற்கும் கடைசி இடம் அதுதான். ஆகவே ஓய்வு நாளை அங்கே வைக்க வேண்டும். நண்பருக்கு மூன்று நாளாகத் தலைவலி விட்டு விட்டு வருகிறது என்றால், 'போகப் போகச் சரியாகும்' என்று பாராலாச்சாவைத் தாண்டக்கூடாது. பயணத்தின் பெரிய முடிவு 5,328 மீட்டரில் எடுப்பதில்லை, 3,800 மீட்டரில் ஒரு கோப்பைத் தேநீரோடு எடுப்பது.

ஓடையும் அடுப்பும் பிரேக்கும்

சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலையில் உருகும் பனியிலிருந்து வரும் ஓடைகள் குறுக்கே பாயும். இரவில் பனி உருகாது, அதனால் காலையில் கணுக்கால் அளவு நீர். வெயில் ஏறியதும் உருகி, பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும். ஓடையைக் கடக்க வேண்டிய நாளில் விடியும்போதே கிளம்ப வேண்டும்.

பாங்கில் தண்ணீர் ஏறத்தாழ 85 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால் வேகாது, எரிபொருள்தான் தீரும். அழுத்தச் சமையற்கலம் இல்லாதவர்களுக்கு மெகி மீதான் கதி. குடிநீருக்குக் கவலை வேண்டாம், மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கூடாரம், அடுப்பு, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றை இருவரும் பங்கிட்டுச் சுமக்கலாம். தண்ணீர், தூங்கும் பை, மழைச் சட்டை மட்டும் ஆளுக்கு ஒன்று, அவரவர் வண்டியில். ஒருவரை லாரியில் ஏற்றி அனுப்ப நேர்ந்தால் இந்தப் பிரிவினையின் அருமை புரியும்.

இறக்கத்தை விளையாட்டாக எண்ணாதீர்கள். தங்லாங் லாவிலிருந்து உப்ஷி வரை 1,900 மீட்டர் இறக்கம். 100 கிலோ இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஆறு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கப் போதும். காற்று ஒரு பங்கைத் தடுத்து விழுங்கும். ஆனால் அங்கே காற்றே மெலிந்தது, வண்டி நீங்கள் பழகியதைவிட வேகமாக ஓடும். மீதி முழுதும் பிரேக்கில் வெப்பமாகிறது. தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டு அழுத்தி, அவ்வப்போது நின்று ஆறவிட வேண்டும்.

சரி, லடாக் இப்போது இல்லை. பள்ளி முடியட்டும், பணம் சேரட்டும். ஆனால் மெலிந்த காற்றை அளக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, நண்பரோடு ஜெராய்க்குப் போங்கள். மிதிவண்டியோ வேனோ, எதுவானாலும் சரி. ஆளுக்கு ஒரு காலி 1.5 லிட்டர் பிளாஸ்டிக் போத்தல், ஒரு வெப்பமானி. மேலே போனதும் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடிவாரத்தைவிட ஏழெட்டுப் பாகை குறைந்திருக்கும். அங்கே போத்தலைத் திறந்து, ஒரு நிமிடம் விட்டு, மூடியை இறுக்கி மூடுங்கள். கீழே வரும்போது போத்தல் யாரோ பிடித்து அமுக்கியதுபோல் ஒடுங்கிக்கொண்டே வரும். பாடாங் செராய் வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கவிழ்த்து முழுக்கி, நீருக்குள்ளேயே மூடியைத் திறங்கள். தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருக்கும்படி போத்தலைப் பிடித்துக்கொண்டு மறுபடி மூடி, ஏறிய நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். நூறு மில்லிலிட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதிலிருந்து மலையின் உயரத்தைக் கணக்கிட முடியுமா என்று இருவரும் தனித்தனியாக முயலுங்கள். மேலே காற்று குளிர்ந்திருந்ததைக் கணக்கில் சேர்க்க மறந்தவருடைய விடை 1,217ஐவிடக் குறைவாக வரும்.